பூச்சியின் பேரைச் சொல்ல நைரோபி போனேன்

"பங்காளிக நாலு பேரு சேந்து ஒரு கெணறு வெட்டி முடிச்சதா நம்மூருல கதை உண்டா? இவுக நாப்பது பேரு சேந்து ஆஸ்பத்திரி கட்டப் போறாகளாம். அதைப் பாக்க நீ ஆப்பிரிக்கா போறியாக்கும்!"

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் சொன்னது இது. அருப்புக்கோட்டையில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர் என்பதால் எதையும் உரக்கத்தான் சொல்வார். நான் ஆப்பிரிக்கா போகும் செய்தி அப்படித்தான் தெரு முழுக்கத் தெரிந்தது.

கட்டப்போவது ஆஸ்பத்திரி இல்லை என்று அவருக்கு மூன்று முறை விளக்கிவிட்டேன். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் கால்நடை வைத்தியர்களும் ஒன்று கூடி, ஆய்வுக்கூடங்களைப் பொதுவில் வைத்து வேலை செய்ய ஒரு வளாகம் கட்டப்போகிறார்கள். கென்யாவின் தலைநகரமான நைரோபியில் வருகிறது. இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வரைபடத்தை முடிக்கும் முன்னால், சின்ன ஊர்களில் நோயாளியைத் தொட்டு வேலை பார்க்கிறவர்களையும் கூப்பிட்டு யோசனை கேட்கிறார்கள். அதில் ஒரு கட்டடம் முழுக்க விஷக்கடிக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்கு வேலை அந்தக் கட்டடத்தில்தான்.

நான் திருச்சுழிப் பக்கம் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் காலையில் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். வீட்டில் கன்னடம், வாசல்படி இறங்கினால் தமிழ், கையில் ஊசியை எடுத்தால் அரைகுறை ஆங்கிலம். இந்த மூன்றையும் வைத்துத்தான் இருபது வருஷத்துக்கு மேலாகக் குப்பை கொட்டுகிறேன்.

என்னை அனுப்பியவர் டாக்டர் முரளி. முன்பு எங்கள் நிலையத்தில் இருந்தவர், இப்போது மதுரையில் பாடம் நடத்துகிறார். ஒருநாள் போனில் ஒரு படத்தை அனுப்பினார். வளாகத்துக்காரர்கள் தயாரித்த நிலப்படம். பாம்புக்கடி எங்கெங்கே அதிகமோ அங்கெல்லாம் சிவப்பு. சிவப்பான ஊர்களிலிருந்துதான் பாம்பின் விஷத்தை எடுத்து வந்து ஆராய்வார்கள், அதற்கேற்ற மருந்து செய்யப் பார்ப்பார்கள். எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மட்டும் நாய் நக்கிய தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. எங்கள் பக்கம் சுருட்டை விரியன் இல்லாத கல்லும் முள்ளும் கிடையாது. ஒரு முழ நீளம்கூட இருக்காது, கடித்தால் ரத்தம் உறையாமல் ஈறிலிருந்து கசியும். விஷமுறிவு மருந்து புட்டி புட்டியாக ஏற்றியும் ரத்தம் உறையாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நாட்கள் உண்டு. ஊருக்கு ஊர் பாம்பின் விஷம் மாறும், எங்கள் பாம்பின் விஷத்தை எடுத்துப் பார்த்தால்தான் இந்த மருந்து நமக்குச் சரியா என்று தெரியும் என்பார் டாக்டர். வெள்ளையாக விட்ட இடத்துக்கு யார் வந்து பார்ப்பார்கள்?

வெள்ளையானதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். எங்கள் ஜனங்கள் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்துவிடுமாம். 'பூச்சி கடிச்சிருச்சு' என்றுதான் வருவார்கள். எங்கள் வீட்டுக் கன்னடத்திலும் 'ஹுளு'தான், அதற்கும் புழு பூச்சி என்றுதான் அர்த்தம். அவர்கள் சொன்னது பதிவேட்டில் பூச்சிக்கடி என்று ஏறி, மேலே மேலே போய், நைரோபியில் எறும்புக்கடியோடு சேர்ந்துவிட்டது.

"யாரோ ஒரு மடச் சாம்பிராணி, சொன்னதை அப்படியே எழுதியிருக்கா டாக்டர்," என்றேன்.

டாக்டர் பேச்சை மாற்றினார். "எனக்குப் பரீட்சை வேலை இருக்கு. நீங்க போங்க சிஸ்டர். பூச்சின்னா என்னன்னு நீங்க சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்," என்றார்.

கிளம்பும் முன் பாண்டியம்மாளைப் பார்க்கப் போனேன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் கரிமூட்டம் போடுகிற குடும்பம். சில வருஷங்களுக்கு முன்னால் சீமைக்கருவேல் விறகை இழுத்தபோது அவருடைய வலது கையில் கடித்தது. பூச்சி என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் எங்களிடம் வந்தார். நானும் நம்பி, ஒரு ஊசி போட்டுப் பெஞ்சில் உட்காரவைத்தேன். அரை மணி கழித்து அவர் துப்பிய எச்சில் சிவப்பாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் வைத்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. மருந்தை ஏற்றி, ஆம்புலன்ஸில் விருதுநகருக்கு அனுப்பினோம். உயிர் தங்கியது. இரண்டு விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்காது.

அந்தக் கதையை வெளிநாட்டில் சொல்லலாமா என்று கேட்டேன்.

"எம் பேரைச் சொல்லிக்கோங்க நர்ஸம்மா. அதோட பேரை மட்டும் சொல்லிராதீக. கடலு தாண்டிப் போயிச் சொன்னாலும் அதுக்குக் கேக்கும்," என்றார் பாண்டியம்மாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து நான் ஒரு சால்வைகூட எடுத்துப் போகவில்லை. நைரோபியில் இறங்கியதும் பல் கிட்டியது. மலைமேல் இருக்கிற ஊராம். கொடைக்கானலுக்குக் கல்யாணமாகிப் போனவள் மாதிரி முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

என் பேரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். ஓட்டுநர், பேர் ஜோசப். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "கரிபு, தாதா!" என்றார். நான் திரும்பி என் பின்னால் எந்த ரவுடி வருகிறான் என்று பார்த்தேன். யாரும் இல்லை. கரிபு என்றால் வாருங்கள், தாதா என்றால் அக்கா என்று அவர் விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்த நாலு நாளும் நைரோபியில் பார்த்தவர்களெல்லாம் என்னைத் தாதா என்றே கூப்பிட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்து முள்மரங்களின் உச்சியில் பெரிய பெரிய நாரைகள். இடுப்பு உயரம் இருக்கும். வழுக்கைத் தலையும் தொங்கும் கழுத்துமாக, பென்ஷன் வாங்க வந்து வரிசையில் நிற்பவர்களைப் போல நின்றன. "குப்பை தின்கிற பறவை, நகரத்துக்குச் சம்பளம் இல்லாத துப்புரவுப் பணியாளர்," என்றார் ஜோசப்.

விடுதியில் முதல் சாப்பாடு உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி. தொட்டுக்கொள்ளக் கீரை. பரிமாறிய பெண் கரண்டியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு, களியை உருட்டி, நடுவில் பெருவிரலால் குழி செய்து, கீரையை அள்ளி உள்ளே தள்ளினேன். அவள் உள்ளே போய்ச் சமையல்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். கம்பங்களி தின்று வளர்ந்த உடம்பு, யார் சொல்லிக் கொடுக்க வேண்டும்? உப்புத்தான் போடவில்லை. நான் கொண்டுபோயிருந்த சேவுப் பொட்டலத்தைப் பிரித்துச் சமாளித்தேன்.

மறுநாள் வளாகம் வரப்போகும் இடத்தைக் காட்டக் கூட்டிப் போனார்கள். ஊருக்கு வெளியே செம்மண் காடு. எங்கள் கரிசலில் மழை பெய்தால் செருப்பு போகும், இங்கே புடவை போய்விட்டது, கரண்டைக்கால் வரை செங்காவி. கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். இங்கே ஆய்வுக்கூடம், இங்கே விடுதி, இங்கே கால்நடைக்கு என்று ஒரு பொறியாளர் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். ஒரு கொட்டகைக்குள் தெர்மகோலில் முழு வளாகத்தையும் செய்து வைத்திருந்தார்கள், பஞ்சு மரங்களோடு. எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சி ஞாபகம் வந்தது.

"இதுதான் குளிர்பதனக் கட்டடம். எல்லா நாட்டு விஷ மாதிரிகளும் ஒரே இடத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம்," என்றார் பொறியாளர்.

"எடுத்துக் கண்டுபிடிச்சா யாரு பேரு போடுவீங்க? கடிபட்ட ஊரோட பேரு வருமா, கட்டடம் வச்சிருக்கிற ஊரோட பேரு வருமா?" என்று என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள்தான் ஹலிமா. கென்யாவின் வடக்கே, மழை பொய்த்த காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், தலையில் பச்சைத் துணி சுற்றியிருந்தாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆனால் அவள் பேச்சை எழுத உட்கார்ந்தால் எங்கள் ஊர்த் தமிழில்தான் எனக்கு வருகிறது. பொறியாளர் அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டார். பங்காளிக் கிணற்றுக்கு முதல் கேள்வியே இதுதானே என்று எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் ரோட்டோரம் சுட்ட சோளக்கதிர் வாங்கினோம். எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் தேய்த்துக் கொடுத்தார்கள். தின்றுகொண்டே ஹலிமா தன் ஊர்ப் படங்களைப் போனில் காட்டினாள். ஒரு படத்தில் எனக்குக் கதிர் தொண்டையில் நின்றது.

"இது எங்க ஊரு சீமைக்கருவேல்!"

"எங்க ஊருல மதெங்கேன்னு பேரு. யாரோ நல்லது செய்யுறேன்னு கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க. மேய்ச்சக்காடு பூராத்தையும் முழுங்கிருச்சு. காயைத் தின்னு ஆட்டுக்கெல்லாம் பல்லுப் போச்சு," என்றாள் ஹலிமா.

"எங்க பக்கம் வெட்டிக் கரி சுடுறாக."

"நாங்களும் கரிதான் சுடுறோம்." அவள் தன் புறங்கையையும் கணுக்காலையும் தொட்டுக் காட்டினாள். "இங்கயும் இங்கயும் கடி. வெறகு இழுக்கையில."

அதே முள், அதே கரி, அதன் அடியில் படுத்திருப்பதும் அதே சாதி விரியன். என்னவென்று சொல்லிக்கொண்டு உங்களிடம் வருவார்கள் என்று கேட்டாள். பூச்சி என்பார்கள் என்றேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எங்க ஆளுக கயிறும்பாங்க. கயிறு தட்டிருச்சும்பாங்க!"

மூன்றாம் நாள்தான் கூட்டம். வண்டி கிளம்பிப் பத்து நிமிஷத்தில் நின்றது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வாகனம். ஜோசப் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார். "தாதா, இது நகராது," என்றார் நிதானமாக. ஹலிமா கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இறக்கினாள்.

அங்கே மினிபஸ்ஸுக்கு மட்டாட்டு என்று பேர். நாங்கள் ஏறியது ஊதா நிறம், உள்ளே நீல விளக்கு, பாட்டுச் சத்தத்தில் சீட்டே அதிர்ந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூரையைத் தட்டித் தட்டி ஆள் ஏற்றினான். காரியாபட்டி மினிபஸ் கண்டக்டருக்குச் சித்தப்பா மகன் என்றே சொல்லலாம், "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு" என்கிற அதே பொய். சந்து சந்தாக நுழைந்து பாதித் தூரம் போனவன், நெரிசலைப் பார்த்துவிட்டு, வண்டி திரும்பப் போகிறது, இறங்குங்கள் என்றான். ஒரு கிழவர் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஹலிமா மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

மிச்சத் தூரத்துக்கு ஆளுக்கொரு வாடகை மோட்டார் சைக்கிள். வண்டி நம் நாட்டுத் தயாரிப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னான் ஓட்டுகிறவன். முடியாது என்றேன். விழுந்துவிடுவீர்கள் என்றான். "தம்பி, நான் எங்க ஊருல மொபெட்டுல கேஸ் சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டு ஒருக்களிச்சு உக்காந்து போறவ, நீ வண்டிய எடு," என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. போய் இறங்கும்போது புடவைக் கரையில் செயின் எண்ணெய் ஒரு சாண். என் வீட்டுக்காரர் தறியில் ஓடிய புடவை. அப்படியே உள்ளே போனேன்.

கூட்டம் தொடங்கியிருந்தது. வட்ட வட்ட மேசைகள், பத்துப் பதினைந்து நாட்டு ஆட்கள். தலைமை தாங்கியவர் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை. திரையில் அந்த நிலப்படம் வந்தது. எங்கள் வெள்ளைத் திட்டு வீட்டுச் சுவர் அளவுக்கு நின்றது. எனக்குப் பேச நேரம் வரும்போது 'ஒரு மடச் சாம்பிராணி' கதையை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் ஆங்கிலத்தில் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஒருவர் எழுந்து, பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணம் காட்டுகிறேன் என்றார். "ஒரு சிறிய கிராமத்து நிலையம். எழுத்தைப் பாருங்கள், அடித்தல் திருத்தல் இல்லை. எல்லோரும் இப்படி எழுதினால் நம் வேலை பாதி முடிந்துவிடும்," என்றார். திரையில் ஒரு பக்கம் வந்தது. நோயாளிகளின் பெயர்களைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். பாராட்டிச் சிலர் கைதட்டினார்கள்.

நானும் தட்டப் போனேன். அப்போதுதான் ஐ என்ற ஆங்கில எழுத்துகளின் தலையில் புள்ளிக்குப் பதில் குட்டிக் குட்டி வட்டங்கள் கண்ணில் பட்டன. நர்ஸிங் படிக்கும்போது அழகுக்காகப் பழகியது. இன்றுவரை விடவில்லை.

மூன்றாவது வரி: பெண், வலது கை, மத்தியானம், பெஞ்ச். காரணம், இன்செக்ட் பைட். பாண்டியம்மாள்.

ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட கதையின் முதல் வரியை நானேதான் பூச்சி என்று எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்துத் திருத்தவே இல்லை. அந்த வரி மட்டுமா? அதற்கு மேலும் கீழும் அதே கையெழுத்து. எங்கள் ஊரை வெள்ளையடித்த மடச் சாம்பிராணி நான்தான். காது மடல் இரண்டும் சுட்டன. அவமானமாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. அந்த எண்ணமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாண்டியம்மாளின் மடங்காத விரலும் நினைவுக்கு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"அது என் கையெழுத்து," என்றேன். மறுபடி கைதட்டினார்கள். "தட்டாதீங்க. அது தப்பு. அந்த அம்மாவைக் கடிச்சது பூச்சி இல்ல."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் சொல்லாத வழக்கம், பூச்சி என்ற சொல், கண்ணாடிக் குழாயில் ஓடிய ரத்தம், எண்ணெய்க் கறை படிந்த புடவையோடு நின்றுகொண்டு அத்தனையும். ஆங்கிலத்தில் ஸ்நேக் என்று சொல்வதில் எனக்கு ஒரு தடங்கலும் இல்லை. அந்தச் சொல் அதற்குக் கேட்காது போலும்.

பேராசிரியை முன்னால் குனிந்தார். "பதிவு செய்துகொள்கிறோம். உங்கள் மக்கள் சொல்லும் சொல்லையும், உண்மையான சொல்லையும், உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள்," என்றார்.

"பூச்சி," என்றேன்.

"மற்றது?"

மைக்கை விட்டு ஓரடி பின்வாங்கினேன். சிரிக்காதீர்கள், இருபது வருஷம் கடிபட்டவர்களுக்கு மருந்து ஏற்றியவள் நான். ஆனால் என் வாயால் அந்தச் சொல்லைத் தமிழில் உரக்கச் சொன்னதே இல்லை என்பது அந்த மேசை முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. 'கடல் தாண்டிச் சொன்னாலும் அதுக்குக் கேக்கும்.' பாண்டியம்மாளிடம் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு, மைக்கை நெருங்கினேன்.

"பாம்பு."

என் பக்கத்தில் ஹலிமா எழுந்தாள். தன் மொழியில் முதலில் கயிற்றைச் சொன்னாள், பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு அதன் பேரைச் சொன்னாள். ஏதோ ஒரு மலை தேசத்திலிருந்து வந்தவர், எங்களூரில் 'நீளமானது' என்பார்கள் என்றார். இன்னொரு மேசையிலிருந்து 'தரையில் போகிறவர்' என்றார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள், அன்றைக்குப் பேராசிரியர் படையே நடுங்கிக்கொண்டு பேர் சொன்னது.

நான்காம் நாள் காலையில் முடிவைச் சொன்னார்கள். வளாகத்தின் புதுப் பதிவுப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று, என்ன கடித்தது. இன்னொன்று, நோயாளி சொன்ன சொல். சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஊருக்கு எப்போது சிவப்பு அடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் ஒருவர் பேச்சை வைத்து நிறம் அடிக்க முடியாது," என்றார் பேராசிரியை. "பழைய பதிவுகளைத் திருத்திக் கொண்டுவாருங்கள். கடிபட்டவர்களே தங்கள் வாயால் என்ன கடித்தது என்று சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்தில் நிலப்படத்தை மூடிவிடுவோம், பிறகு எதையும் சேர்க்க முடியாது."

வெளியே வந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஜனங்கள் வாயைத் திறந்து அதைச் சொல்வதற்குள் சீமைக்கருவேலில் மாங்காய் காய்த்துவிடும் என்றேன் ஹலிமாவிடம். அவள், மாற்றுப் புடவை இல்லாமல் நான் மறுபடியும் கட்டியிருந்த புடவையின் எண்ணெய்க் கறையைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டே, "நீ நேத்துச் சொன்னேல்ல? எங்க ஆளுகளையும் நான்தான் சொல்லவைக்கணும். யாரு முந்துறான்னு பாப்போம்," என்றாள். மிச்சமிருந்த சேவை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மதுரை வந்ததும் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்தேன்.

"டாக்டர், அந்த மடச் சாம்பிராணி நான்தான்."

"தெரியும் சிஸ்டர். உங்க வட்டப் புள்ளி தாலுகாவுக்கே தெரியும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்களா?"

போயிருக்க மாட்டேன்தான். போனை வைத்துவிட்டேன்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பழைய பதிவேட்டின் நகல்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறினேன். அங்கிருந்து மினிபஸ், பிறகு வெயிலில் நடை. வழியெல்லாம் கருவேல், நடுநடுவே கரிமூட்டத்துப் புகை. கூட வரட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் குரலுக்கு இருக்கிற பாம்பும் ஓடிவிடும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

பாண்டியம்மாள் வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்து கரிச்சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எப்ப வந்தீக நர்ஸம்மா? அங்கன போயி அதோட பேரைச் சொல்லலையில்ல?"

"சொல்லிட்டேன்க்கா."

ஊசி நின்றது. நான் தாளை எடுத்துக் காட்டி விவரம் சொன்னேன். வெள்ளைத் திட்டு, ஆறு மாசம், கையெழுத்து, எல்லாம். கடைசியில், "பூச்சின்னு எழுதுனது நான்தான்க்கா. எம் மேலதான் தப்பு," என்றேன்.

"நாஞ் சொன்னதத்தான எழுதுனீக?"

"ஆமா. இப்ப மாத்திச் சொல்லுங்க, மாத்தி எழுதுறேன்."

"அது மட்டும் ஆகாது தாயி. சொன்னா வரும்."

"வரட்டும்க்கா. வந்தா பிடிச்சு வெஷத்தை எடுத்து அனுப்பத்தான் நான் இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்கேன். வராட்டித்தான் எனக்கு நட்டம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். எதிரே அடுக்கியிருந்த விறகைப் பார்த்தார். தன் வலது கையைத் தூக்கி, மடங்காத இரண்டு விரல்களையும் பார்த்தார். பிறகு தொங்கவிட்டிருந்த கால்களை மெல்லத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்துச் சேலையை இழுத்து மூடிக்கொண்டார். நானும் என் கால்களைத் தூக்கிக்கொண்டேன்.

"பாம்பு," என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். பிறகு உரக்க, "பாம்புதான் கடிச்சுச்சு. சுருட்டை. இந்தா, இந்த எடத்துல."

எழுதினேன். இந்தத் தடவை தமிழில். அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகி அவர் கையெழுத்துப் போட்டார், ஒவ்வோர் எழுத்தாக. போட்டுவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டிலைவிட்டு இறங்காமலே அடுத்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏத்தா காளியம்மா! ஒனக்கும் கடிச்சுச்சுல்ல? வா, வந்து அதோட பேரைச் சொல்லிட்டுப் போ!"